படுத்துக்கொண்டு அமெரிக்கா போனவள்

டிராவல் டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. கம்ப்யூட்டரைத் தட்டினால் விமானத்தின் படமே வந்துவிடுகிறது. எந்த சீட் ஜன்னலோரம், எது கழிப்பறைக்குப் பக்கம், எது படுக்கையாக விரியும் என்று கலர் கலராகக் காட்டுகிறது. பயணி கேட்டவுடன், "ஃபுல்லி ஃப்ளாட் சார், வீட்டுக் கட்டில் மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிடுகிறீர்கள். நல்லது. ஆனால் உங்களில் எத்தனை பேர் அந்த சீட்டில் ஒரு தடவையாவது முதுகைச் சாய்த்துப் பார்த்திருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்.

யாரும் இல்லையா? பரவாயில்லை. நானும் பல வருஷம் அப்படித்தான் விற்றேன். அந்தப் படுக்கையை எனக்குப் புரிய வைத்தவள் கோமதி என்று ஒரு பெண். ரிடையர் ஆனபிறகும் அந்தப் பயணத்தை நினைத்தால் எனக்கு உட்கார இருப்புக் கொள்ளாது. அதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

நான் ஹைதராபாத்தில், மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். எங்களுக்குப் பயணத்தில் படுக்கை என்றால் ரயில் பெர்த்தான். ரயிலில் மூட்டை தூக்கிப் பிழைக்கிறவருக்கும் காலை நீட்டிப் படுக்க ஒரு பலகை உண்டு. விமானத்தில் மட்டும் காலை நீட்டுவதற்கே பெரிய மனிதராக இருக்க வேண்டும் என்பது எனக்கு ஆரம்பத்திலிருந்தே வேடிக்கையாக இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் அமீர்பேட்டில் எல்லோரும் ஜாவா, மெயின்ஃப்ரேம் என்று வகுப்புக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அதே கட்டிடத்தின் மாடியில் நான் டிக்கெட்டிங் படித்தேன். கீழே படித்தவர்கள் அமெரிக்கா போனார்கள். அவர்களை அனுப்பிவைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது.

படுக்கை சீட்டை நான் முதன்முதலில் தொட்டது தரையில்தான். ஒரு விமானக் கம்பெனி பஞ்சாரா ஹில்ஸில் ஒரு ஹோட்டல் ஹாலுக்கு ஒரே ஒரு சீட்டைக் கொண்டுவந்து, மேடை போட்டு, விளக்குப் போட்டு வைத்திருந்தது. ஊரிலிருந்த ஏஜென்ட்டுகள் எல்லாம் வரிசையில் நின்றோம். ஒவ்வொருவராக ஏறி உட்காருவார்கள், பட்டனை அமுக்குவார்கள், சீட் முனகிக்கொண்டே நீளும், "ஆஹா" என்பார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு பிரியாணிப் பக்கம் போய்விடுவார்கள்.

என் முறை வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு முழுசாக ஏறிப் படுத்தேன். சாயங்காலம் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்ததால் அன்றைக்குப் பட்டுப்புடவை. கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, மெல்ல மெல்லக் கால் பக்கமாக வழுக்கிக்கொண்டு போகிறேன்! மேலே ஏறிப் படுத்தேன். மறுபடியும் வழுக்கல்.

சென்னையிலிருந்து வந்திருந்த விற்பனைப் பிரதிநிதிக்கு அவஸ்தையாகிவிட்டது. "மேடம், பின்னாடி க்யூ நிக்குது."

"தம்பி, ஃப்ளாட்டுன்னு சொன்னீங்களே, இது சறுக்குமரம் மாதிரி இறங்குதே?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சிரித்தார். "சீட்டு ஃப்ளாட்டுதான் மேடம். தரைக்கு ஃப்ளாட்டுன்னு நாங்க எங்கயும் சொல்லலையே!"

சீட் பலகை மாதிரி நேராகத்தான் விரிந்திருந்தது. ஆனால் அந்தப் பலகையே தலை மேலே, கால் கீழே என்று சாய்ந்திருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றிலிருந்து எந்தக் கம்பெனிக்காரர் படுக்கை சீட் என்று வந்தாலும் என் முதல் கேள்வி, "பட்டுப்புடவை கட்டிக்கிட்டுப் படுத்தா வழுக்குமா, வழுக்காதா?" என்பதுதான். அவர்கள் முழிப்பார்கள். முழிக்காமல் பதில் சொன்னவர்களோடு மட்டும் வியாபாரம் வைத்துக்கொண்டேன்.

கோமதியை நான் பார்த்தது மாதாப்பூரில். அப்போது ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குள்ளேயே எங்களுக்கு டெஸ்க் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் யாரிடமோ விசா பேப்பர் கொடுக்க மீட்டிங் ரூமுக்குள் நுழைகிறேன், மேஜையைச் சுற்றி நாற்காலிகளில் பெரிய பெரிய ஆட்கள், எல்லோரும் தரையைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எட்டிப் பார்த்தால், தரையில் ஒரு பாயை விரித்து, லேப்டாப்பை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒரு பெண் படுத்துக்கிடக்கிறாள். அவள்தான் பேசுகிறாள். மற்றவர்கள் கேட்கிறார்கள்.

என்னைப் பார்த்ததும், "தாண்டிப் போங்கக்கா, பரவாயில்ல" என்றாள்.

அவளுக்கு நாற்பது வயதிருக்கும். அப்பா காஞ்சன்பாக்கில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பூர்வீகம் திருநெல்வேலி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கோமதியின் முதுகெலும்பு நொறுங்கியிருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு நடை திரும்ப வந்தது. உட்காருவது மட்டும் திரும்ப வரவில்லை. இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டால் அரைமணி நேரம் தாங்கும், அதற்குமேல் வலது கால் மரத்து, முதுகிலிருந்து கரண்ட் அடிப்பதுபோல வலி இறங்கும்.

"நிப்பேன், நடப்பேன், படுப்பேன். உட்காருறது மட்டும் நக்கோ" என்பாள். வேண்டாம் என்பதற்கு ஹைதராபாத்தில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். மேஜைமேல் அட்டைப்பெட்டி அடுக்கி, அதன்மேல் கம்ப்யூட்டரை வைத்து நின்றுகொண்டே வேலை பார்ப்பாள். ஆபீஸ் காரின் பின்சீட்டில் படுத்துக்கொண்டு வருவாள், போவாள்.

அந்தக் காலத்தில் சாஃப்ட்வேர் கம்பெனியில் ஒருவருக்கு மரியாதை ஆன்சைட் போய்வந்த பிறகுதான். வாடிக்கையாளரின் ஊருக்கே போய் வேலை பார்த்தவர்களுக்குத்தான் பதவி உயர்வு. கோமதி வேலை சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். திரும்பி வரும்போது மறக்காமல் அவளுக்கு சாக்லேட் வாங்கி வந்தார்கள். அவள் தின்ற அமெரிக்க சாக்லேட்டுக்குக் கணக்கே இல்லை. அமெரிக்காவைத்தான் பார்த்ததில்லை. அவள் இருந்த பதவியிலேயே இருந்தாள். சொல்லிக்கொடுத்த பையனே அவளுக்கு மேனேஜராக வந்துவிட்டான்.

ஒருநாள் மத்தியானம் என் டெஸ்க்குக்கு வந்து நின்றாள். ஒரு பெரிய மருத்துவமனைக் குழுமத்துக்காக அவளே அடியிலிருந்து வடிவமைத்த சிஸ்டம். நியூயார்க் பக்கத்தில் அதை முதன்முதலாக ஓடவிடப் போகிறார்கள். வடிவமைத்தவரே நேரில் வர வேண்டும் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். கம்பெனியோ வழக்கம்போல ஒரு ஜூனியரை அனுப்பிவிட்டு, கோமதியை போனில் வைத்துக்கொள்ளலாம் என்று யோசிக்கிறது.

"பத்மாக்கா, ஒண்ணு கேக்கணும். பொய் சொல்லாம சொல்லணும்."

"கேளு."

"நிஜமாவே படுத்துக்கிட்டுப் போற ப்ளேன் இருக்கா? விளம்பரத்துல இருக்கிற மாதிரி இல்ல. என்னை மாதிரி ஒருத்தி படுக்கிற மாதிரி."

எத்தனையோ பேருக்கு அந்த சீட்டை விற்றிருக்கிறேன். பாதிப் பேர் அதில் படுத்துக்கொண்டு சினிமா பார்த்துவிட்டு வந்து, சாப்பாடு சரியில்லை என்று புகார் சொன்னவர்கள். அந்த சீட் இல்லாவிட்டால் போகவே முடியாது என்று என் முன்னால் வந்து நின்ற முதல் ஆள் இவள்தான்.

"இருக்கு கோமதி. தேடணும். தேடித் தர்றேன்" என்றேன்.

அதற்கடுத்த நாட்கள் எனக்குக் கல்யாண வீடு மாதிரிதான். போன் கீழே வைத்தால் மறு போன். கம்பெனி ஒப்பந்தம் போட்டிருந்த விமானத்தில் அதே சறுக்குமர சீட். சாதாரண ஆளுக்கு அது போதும், ஆனால் கோமதி அதில் படுத்தால் உடம்பின் பாரம் முழுக்கக் கீழே இறங்கி இடுப்பில் போய் நிற்கும். ஐரோப்பா வழியாக ஒரு விமானம், அங்கே ஓடுபாதை வரிசையில் விமானம் நிற்க, உள்ளே உட்கார்ந்தே பயணிகள் கிழவர்களாகிவிடுவார்கள் என்று கேள்வி. வளைகுடா வழியாக ஒன்று நன்றாக இருந்தது. ஆனால் ஹைதராபாத்திலிருந்து அங்கே வரைக்கும் சின்ன விமானம், அதில் படுக்கை கிடையாது. கடைசியில் அதே வளைகுடா விமானக் கம்பெனி வாரத்தில் சில காலைகளில் நம்ம ஷம்ஷாபாத் ஏர்போர்ட்டுக்குப் பெரிய விமானத்தை அனுப்புகிறது என்று கண்டுபிடித்தேன். இரண்டு விமானத்திலும் தரைக்கு நேரான, வழுக்காத படுக்கை! டெஸ்க்கில் இருந்த பிள்ளைகள் பயந்துபோகும் அளவுக்குக் கத்தினேன்.

கம்பெனியில் அவள் வேலைகளுக்கெல்லாம் பொறுப்பான டெலிவரி ஹெட்டிடம் போனேன். தெலுங்குக்காரர், நல்ல மனிதர், ஆனால் செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடம் அவரை நெருக்கிக்கொண்டிருந்த நேரம். எங்கள் பேச்சு தெலுங்கும் இங்கிலீஷுமாக நடந்தது.

"பத்மா காரு, வைஸ் பிரசிடெண்டுகளையே எகானமில போகச் சொல்லிட்டிருக்கேன். இப்ப வந்து ஒரு ஆர்க்கிடெக்டுக்கு பிசினஸ் கிளாஸ் கேக்குறீங்க."

"சார், ஜூனியரை அனுப்புங்க. அங்க ஒரு கேள்வி வந்தா அவன் என்ன செய்வான்? இங்க கோமதிக்கு போன் போடுவான். அவ பாயில படுத்துக்கிட்டுப் பதில் சொல்லுவா. பாயையே அங்க கொண்டுபோயிட்டா போன் செலவு மிச்சம்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு முகம் மாறியது. "வழியில அவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார்."

"நீங்க பதில் சொல்ல இங்க இருப்பீங்க. அவங்க வானத்துல இருப்பாங்க."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. நியாயமான கேள்வி. என் வாயிலிருந்து யோசிப்பதற்கு முன்னாலேயே வந்துவிட்டது: "அப்ப நானும் கூடப் போறேன்."

உண்மையில் விமானக் கம்பெனியும் கூட ஒரு துணை ஆள் வர வேண்டும் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது. ஏஜென்ட் என்பதால் எனக்குச் சலுகை டிக்கெட் கொடுத்தார்கள். டெலிவரி ஹெட் சரியென்று தலையை ஆட்டினார். வெளியே வந்து கோமதியிடம் சொன்னபோது, அவள் நின்ற இடத்திலேயே குதிக்கப் போனாள். நான் தோளைப் பிடித்து அமுக்கினேன். "குதிக்காதடி, முதுகு!"

கிளம்புகிற காலையில் காஞ்சன்பாக் பக்கம் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்றிருந்தார். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று மகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். என்னிடம் மட்டும் தனியாக, "இத்தனை வருஷமா இவளை அனுப்ப மாட்டேன்னு நாந்தாம்மா சொல்லிட்டுக் கிடந்தேன். அவ கேக்கவே இல்ல, நானா சொல்லுவேன். இப்ப நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துல அனுப்புதேன்" என்றார். தலையை ஆட்டிவிட்டு, அவள் பெட்டியைக் காரில் ஏற்றினேன்.

முதல் விமானம் அழகாகக் கிளம்பியது. கோமதி பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை எண்ணுவதுபோல உட்கார்ந்திருந்தாள். மேலே ஏறியதும் சீட் பெல்ட் விளக்கு அணைந்தது. நான் அவள் கையை எடுத்துப் பட்டன்மேல் வைத்தேன்.

சீட் முன்பக்கம் நகர்ந்தது. முதுகு இறங்கியது, இறங்கியது, இன்னும் இறங்கியது. கால் பக்கம் இருந்த பெட்டி மாதிரி இடைவெளிக்குள் அவள் பாதங்கள் போய் உட்கார்ந்தன. கடைசியில் ஒரு சின்னத் துள்ளலோடு எல்லாம் ஒரே பலகையாக நின்றது. அவள் அசையாமல் கிடந்தாள். பிறகு மெதுவாக ஒருக்களித்துப் படுத்தாள். ஜன்னல் அவள் முகத்துக்கு நேராக இருந்தது.

"அக்கா" என்றாள். "நான் படுத்திருக்கேன். எனக்குக் கீழ மேகம் போகுது."

அவள் சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். பணிப்பெண் ஓடிவந்து, ஏதாவது உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டாள். "நல்லா இருக்காங்க. ரொம்ப நல்லா இருக்காங்க" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். வளைகுடாவில் இறங்கி, நியூயார்க் போகும் பெரிய விமானத்தில் ஏறினோம். பிசினஸ் கிளாஸில் ஏறியவுடன் எல்லோரும் வரவேற்பு ஜூஸை வாங்குவார்கள். நான் வாங்கவில்லை. கோமதியின் சீட் பட்டனை அமுக்கினேன். சீட் பாதி தூரம் போய், பல் டாக்டர் நாற்காலி மாதிரி நின்றுவிட்டது. மறுபடி அமுக்கினேன். முனகல்கூட இல்லை. பணிப்பெண் வந்து கீழே கையை விட்டு எதையோ நெம்பி நேராக்கினாள். நேராக நிற்கிறது, படுக்க மாட்டேன் என்கிறது. விமானம் முழுக்க ஆட்கள், ஒரு சீட் காலியில்லை.

பக்கத்தில் என் சீட்டை அமுக்கினேன். வெண்ணெய் மாதிரி விரிந்தது.

"இங்க வா" என்றேன்.

"அக்கா, நீங்க?"

"எனக்கு உட்காரத் தெரியும்டி. வா."

வானத்தில் ஏறிய பிறகு இது தெரிந்திருந்தால் என்ன செய்திருப்போம்? அப்போதும் மாற்றிக்கொண்டிருக்கலாம்தான். ஆனால் அதற்குள் அவள் முகம் எப்படிப் போயிருக்கும் என்று யோசியுங்கள். பயணிக்கு உயிர்நாடியாக இருக்கிற பொருளைக் கதவு மூடுவதற்கு முன்னால் தொட்டுப் பார்த்துவிட வேண்டும்.

கதவு மூடினார்கள். எல்லோரும் சீட்டை நேராக்கி, பெல்ட் போட்டு உட்கார்ந்தோம். விமானம் நகரவில்லை. கேப்டன் பேசினார்: பெட்டியை ஏற்றிவிட்டு ஒரு பயணி வராமல் போய்விட்டார், அந்தப் பெட்டியைத் தேடி இறக்கிவிட்டுத்தான் கிளம்ப முடியும், மன்னிக்கவும். சீக்கிரம் முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். முடியவில்லை. கோமதி முதலில் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு பேச்சு நின்றது. பிறகு அவள் கை சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. விரல் கணுக்கள் வெளுத்துவிட்டன.

"கால் மரத்துருச்சா?"

"ஹவ்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. ஆமாம் என்று சொல்லக்கூட அவளுக்கு அந்த ஒரு சொல்லுக்குத்தான் மூச்சு இருந்தது.

தலைமைப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன். உயரமான, நிதானமான பெண். சீட்டைக் கொஞ்சம் சாய்க்கலாமா என்று கேட்டேன். "மன்னியுங்கள், கதவு மூடியாகிவிட்டது. எந்த நிமிஷமும் நகரச் சொல்வார்கள். சீட் நேராகத்தான் இருக்க வேண்டும்" என்றாள். பிறகு குனிந்து கோமதியின் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னிடம் மெல்லச் சொன்னாள்: "பெட்டி இறக்குவதால் இப்போது உங்களையும் இறக்கிவிட முடியும். நகர ஆரம்பித்துவிட்டால் முடியாது. நீங்கள்தான் முடிவு சொல்ல வேண்டும்."

கோமதி காதில் விழுந்துவிட்டது. "இறங்க மாட்டேன்" என்றாள். முகமெல்லாம் வியர்வை. "அக்கா, இறங்குன்னு சொல்லாதீங்க. இனிமே யாரும் என்னை அனுப்ப மாட்டாங்க."

ஒரு பக்கம் காஞ்சன்பாக்கில் தைரியமாக இருக்கும் அந்தப் பெரியவர். இன்னொரு பக்கம் இவள். பரிதாபப்பட்டு இறக்கினாலும் தப்பு, வீம்புக்கு உட்காரவைத்தாலும் தப்பு. இந்த மாதிரி நேரத்தில் நம்மால் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான், பதற்றத்தை ஓரமாக வைத்துவிட்டு எதிரே இருப்பவரிடம் சரியான கேள்வியைக் கேட்பது. நான் இதுவரை கேட்டது தப்பான கேள்வி. சாய்க்கலாமா என்று கேட்டேன், சாய்க்கக்கூடாது என்று பதில் வந்துவிட்டது. அதோடு சண்டை போட்டுப் பயனில்லை. ஆனால் கோமதிக்கு முடியாதது ஒன்றுதானே? உட்காருவது.

"மேடம்" என்றேன் தலைமைப் பணிப்பெண்ணிடம். "விமானம் நிற்கும்வரைக்கும் இவள் எழுந்து நிற்கலாமா? சமையல் பகுதியில், உங்கள் பக்கத்தில், உங்கள் கண் முன்னால். கேப்டன் சொன்ன உடனே வந்து உட்கார்ந்துவிடுவாள். நிற்பதில் இவளுக்கு ஒரு கஷ்டமும் கிடையாது. உட்காருவதுதான் வலி."

அவள் என்னைப் பார்த்தாள். பயணிகள் யாரும் நிற்க அனுமதி கேட்டு அவள் பார்த்திருக்க மாட்டாள். "கேப்டனிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று முன்னால் போனாள்.

அவள் திரும்பி வருவதற்குள் எனக்கு ஒரு யுகம் போய்விட்டது. வந்து, கோமதிக்கு முன்னால் கையை நீட்டினாள். "பிரேக் போட்டு நிற்கும்வரைக்கும் நிற்கலாம் என்கிறார். நகர்வதற்கு முன்னால் நிச்சயம் நமக்குச் சொல்வார். வாருங்கள்."

கோமதி அந்தக் கையைப் பிடித்து எழுந்தாள். காலை இழுத்து இழுத்து சமையல் பகுதிக்குப் போனாள். அங்கே மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் முகத்தில் ரத்தம் திரும்பியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் திரைக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், ஒரு பணிப்பெண்ணுக்கு முதுகுவலியாம், கோமதி அவளை நேராக நிற்க வைத்து இடுப்புப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறாள்!

கேப்டன் சொன்னார், வந்து உட்கார்ந்தாள், விமானம் கிளம்பியது. விளக்கு அணைந்ததும் என் பட்டனை, மன்னிக்கவும், அவள் பட்டனை அவளே அமுக்கினாள். போர்வையை இழுத்துக் காதுவரைக்கும் மூடிக்கொண்டு தூங்கிப்போனாள். முதல் விமானத்தில் அவளையே கவனித்துக்கொண்டு படுக்காமல் வந்திருந்த நான், இங்கேயும் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, என் வாழ்க்கையின் முதல் பிசினஸ் கிளாஸ் பயணத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஒரு படத்தைப் பாதி பார்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அட்லாண்டிக் பக்கம் போயிருப்போம், யாரோ தோளை உலுக்கினார்கள். கோமதி நிற்கிறாள்.

"எழுந்திரிங்க. என் இடத்துல படுங்க."

"நீ படு. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"அக்கா, நான் ஆசை தீரத் தூங்கிட்டேன். இப்ப நிக்கணும், வேலை இருக்கு. நிக்கிறதுல என்கூட யாராவது போட்டி போட முடியுமா? படுங்கன்னா படுங்க."

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சமையல் பகுதிக்குப் போய்விட்டாள். நான் அவள் இடத்தில் ஏறிப் படுத்தேன்.

பிள்ளைகளே, விற்பனைப் பேச்சாக இல்லாமல் சொல்கிறேன். முதலில் நான் செய்தது, வழுக்குகிறதா என்று காத்திருந்ததுதான். வழுக்கவில்லை. கழுத்திலிருந்து குதிகால்வரைக்கும் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்தது. மெத்தை மெத்தென்று இருப்பதிலோ, போர்வை வழவழவென்று இருப்பதிலோ அந்த சுகம் இல்லை. திரும்பிப் படுக்க முடிவதில் இருக்கிறது. இடது பக்கம் சலித்தால் வலது பக்கம். முழங்காலை மடக்கிக்கொள்ளலாம், கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொள்ளலாம். உட்கார்ந்து தூங்குகிற மனிதன் பிறர் கண்ணுக்காகத் தூங்குகிறான். திரும்பிப் படுக்கிறவன்தான் தனக்காகத் தூங்குகிறான். ரயில் பெர்த்தில் சக்கரம் தடதடவென்று தாளம் போடும். இங்கே ஒரே நீளமான ரீங்காரம், உடம்புக்கு அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் கால் நீட்டிப் படுத்திருக்கிறோமே என்ற நினைப்பிலேயே சிரிப்பு வந்தது. தூங்கக்கூடாது, இதை முழுசாக அனுபவிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

இப்படியே மாறி மாறிப் படுத்தும் நின்றும் போய்ச் சேர்ந்தோம். கோமதி நியூயார்க்கில் தன் காலால் நடந்து இறங்கினாள். தலைமைப் பணிப்பெண் அவளைக் கட்டிப்பிடித்து வழியனுப்பினாள்.

மறுநாள் மருத்துவமனை ஆபீஸில் நடந்ததை அவள் போனில் சொன்னாள். பெரிய மேஜை, சுற்றிலும் நாற்காலிகள். அவர்களுடைய தலைவர் எழுந்து நின்று, உட்காருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கிறார். இவள், "வேண்டாங்க, நான் நிக்கிறேன். ஹைதராபாத்திலிருந்து இங்க வரைக்கும் படுத்துக்கிட்டே வந்தேன்" என்றிருக்கிறாள். மொத்த அறையும் சிரித்திருக்கிறது. அங்கே கம்ப்யூட்டரில் என்னென்ன நடந்தது என்பது எனக்குப் புரியாத விஷயம். ஓடவிட்டபோது நடுவில் ஏதோ சிக்கியது, எல்லோரும் பதறினார்கள், கோமதி பாயை விரித்துப் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு அவிழ்த்தாள், அது ஓடியது. அவ்வளவுதான் தெரியும்.

அதற்குப் பிறகு ஹோட்டலில் என் அறைக் கதவைத் தட்டினாள். பாய்ந்துபோய்த் திறந்தேன். "முதுகா?"

"இல்லக்கா. என் ரிட்டர்ன் டிக்கெட்டை மாத்தணும்."

"ஏன்?"

"அடுத்த கட்ட வேலை முடியறவரைக்கும் நானே இருக்கணும்னு எழுதிக் கேட்டிருக்காங்க. டெலிவரி ஹெட் போன்ல சரின்னுட்டார்." அவள் கண் பளபளத்தது. "அப்பாவுக்கும் சொல்லிட்டேன். அப்புறம் இன்னொண்ணு. இங்கேயிருந்து சான்ஃபிரான்சிஸ்கோ போற ப்ளேன்ல படுக்கை சீட் வருமா? வேலை முடிஞ்சதும் இந்த நாட்டோட அந்தப் பக்கத்துக் கடலையும் ஒரு எட்டு பார்த்துடலாம்னு இருக்கேன்."

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். குதித்தது இந்தத் தடவை நான்தான். என்னைத் தடுக்க யாருமில்லை.

திரும்பும்போது நான் தனி. துணைப் பயணி என்ற தகுதி போய்விட்டது, ஏஜென்ட் டிக்கெட்டில் எந்த இடம் காலியோ அதுதான் எனக்கு. கிடைத்தது எகானமியின் கடைசி வரிசை, நடு சீட். பின்னால் கழிப்பறைச் சுவர், சீட் ஒரு அங்குலம்கூடச் சாயாது. இரண்டு பக்கமும் ஊருக்குத் திரும்புகிற பருமனான ஹைதராபாத்காரர்கள், கைப்பிடி இரண்டும் அவர்களுடையது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு, சான்ஃபிரான்சிஸ்கோவை நினைத்துச் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினேன்.

யாரோ தட்டி எழுப்பினார்கள். பணிப்பெண். "மேடம், தரையிறங்கப் போகிறோம். சீட்டை நேராக நிமிர்த்திக்கொள்ளுங்கள்."

நான் முதுகுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். "அம்மா, இது ஏறினதிலேர்ந்து நேராத்தான் இருக்கு" என்றேன்.

இடதுபக்கத்து ஆள் என்னை அதிசயமாகப் பார்த்தார். "சாப்பாட்டுக்குக்கூட எழுந்திரிக்கலையே அம்மா, இதுல எப்படித் தூங்கினீங்க?"